கிலோமீட்டரில் அடங்காத தூரம்: கோவை – மேட்டுப்பாளையம் – குன்னூர் – ஊட்டி தடத்தில் தினசரிப் பயணம்

கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் முப்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். அங்கிருந்து குன்னூருக்கு அதைவிடக் கொஞ்சம் குறைவு. முதல் பாதியில் காலையும் மாலையும் மெமு ரயிலில் நிற்க இடம் கிடைப்பதே பெரிது. கல்லூரிக்கும் மில்லுக்கும் கடைக்கும் போய்வருகிறவர்கள் முக்கால் மணி நேரத்தில் கோவையில் இறங்கிவிடுவார்கள். இரண்டாம் பாதியில் அப்படித் தினமும் போய்வருகிறவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். சில ஆசிரியர்கள், சில அரசு ஊழியர்கள், மண்டிக்குக் காய்கறி ஏற்றி இறக்குகிறவர்கள் என்று ஒரு சிறு கூட்டம், அவ்வளவுதான்.

தூரம் கிட்டத்தட்ட ஒன்றே. வேறுபடுவது உயரம். கோவை கடல் மட்டத்திலிருந்து சுமார் 410 மீட்டரிலும் மேட்டுப்பாளையம் 326 மீட்டரிலும் இருக்கின்றன. குன்னூர் ரயில் நிலையம் 1,710 மீட்டருக்கு மேல். ஊட்டி ரயில் நிலையம் 2,203 மீட்டர். இந்தத் தடம் ஆய்வுக்கு உகந்தது என்பதற்குக் காரணம், ஒரே கோட்டில் மூன்று வகை நிலம் அடுத்தடுத்து வருவதுதான்: சமவெளி, செங்குத்து, பீடபூமி. ரயில், பேருந்து, கார், மிதிவண்டி நான்கையும் மூன்றிலும் வைத்துப் பார்க்கலாம். அப்படிப் பார்த்தால் ஏற்றம் எல்லா வண்டிகளையும் ஒரே மாதிரி பாதிக்கவில்லை என்பது தெரியும். எது எதை எவ்வளவு பாதிக்கிறது என்று கணக்குப் போடாமல், கிலோமீட்டரை மட்டும் வைத்து இங்கே போக்குவரத்தைத் திட்டமிடுவதுதான் எனக்குள்ள முக்கியப் புகார்.

மலை ரயில் ஏன் வேலைக்குப் போகிறவர்களின் ரயில் ஆகவில்லை

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ரயில்பாதையின் நீளம் 46 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஏறுவதற்கு 290 நிமிடம், இறங்குவதற்கு 215 நிமிடம். காலை ஏழு மணியைத் தாண்டிக் கிளம்பும் வண்டி ஊட்டியைச் சேரும்போது நண்பகல். நாளுக்கு ஒரே ஒரு முறைதான் மேலே போய்க் கீழே வருகிறது. இதில் அலுவலகம் போக முடியாது என்பதைச் சொல்ல ஆய்வே தேவையில்லை.

காரணம்தான் சுவையானது. மலையடிவாரத்தில் உள்ள கல்லாறு தாண்டியதும் பாதை 12-க்கு 1 என்ற சரிவில் ஏறுகிறது. அதாவது 12 மீட்டர் முன்னே போனால் ஒரு மீட்டர் மேலே. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின்மேல் ஓடுவதால் ரயிலுக்கு உருளும் உராய்வு மிகக் குறைவு. சமவெளியில் அது பெரிய லாபம்; ஏற்றத்தில் அதுவே வினை, ஏனென்றால் பிடிமானமும் குறைவு. அதனால் தண்டவாளங்களுக்கு நடுவே பல் வரிசைகளைப் பதித்து, எஞ்சினின் பல்சக்கரம் அவற்றைப் பற்றிக்கொண்டு ஏறும்படி அமைத்தார்கள். 1899-இல் குன்னூர் வரை ரயில் ஓடத் தொடங்கியது. ஊட்டியை எட்டியது 1908-இல். ஏறும்போது எஞ்சின் கீழ்ப்புறம் நின்று பெட்டிகளைத் தள்ளுகிறது. பல் பகுதியில் வேகம் மணிக்கு 13 கிலோமீட்டரைத் தாண்டாது.

இதை வைத்து, பல்சக்கர ரயில் என்றாலே சுற்றுலாவுக்குத்தான் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் 1884 முதல் ஒரு பல்சக்கர ரயில் ஓடுகிறது. இன்று அது நகரப் போக்குவரத்தின் ஒரு சாதாரணத் தடம். வேலைக்குப் போகிறவர்கள் ஏறி இறங்குகிறார்கள். ஏறும்போது மிதிவண்டிகளை ஏற்றிக்கொள்ள முன்னால் ஒரு திறந்த வண்டியும் உண்டு. அங்கே தூரம் இரண்டு கிலோமீட்டர் சொச்சம், ஏற்றம் சுமார் இருநூறு மீட்டர். பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். நம் ஊரில் குன்னூர் வரைக்குமான ஏற்றமே அதைப்போல் ஏழு மடங்கு. குறை பல்லில் இல்லை.

குன்னூருக்கு மேலே கதை மாறுகிறது. அங்கிருந்து ஊட்டி வரை சரிவு 25-க்கு 1 என்ற அளவோடு நிற்கிறது. பல்சக்கரம் தேவையில்லை, டீசல் எஞ்சின் இழுக்கிறது. அந்தப் பதினெட்டு, பத்தொன்பது கிலோமீட்டரைப் பிறகு தனியாகப் பார்ப்போம்.

ஏறுவதன் விலை

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை தூக்க வேண்டிய உயரம் சுமார் 1,385 மீட்டர். எடையை உயரத்தாலும் புவியீர்ப்பாலும் பெருக்கினால் ஆற்றல் வரும். ஓட்டுநர் மட்டும் இருக்கும் சிறிய கார் 1,280 கிலோ என்று வைத்துக்கொள்வோம். உயரத்துக்கு மட்டும் 17 மெகாஜூலுக்கு மேல் வேண்டும். பெட்ரோல் எஞ்சின் தன் எரிபொருளில் நாலில் ஒரு பங்கைத்தான் சக்கரத்துக்குக் கொடுக்கும் என்று கொண்டால், இரண்டு லிட்டருக்குக் கொஞ்சம் மேல். சமவெளியில் அதே முப்பத்து மூன்று கிலோமீட்டருக்கு ஆகும் பெட்ரோலுக்கு மேல் இது கூடுதல் செலவு.

பேருந்தோ ஆட்களோடு சேர்ந்து 15 டன். உயரத்துக்கு மட்டும் பதினாறு லிட்டர் டீசல் போகும். கேட்டால் பகீர் என்கிறது. ஆனால் ஐம்பது பேர் உட்கார்ந்திருந்தால் தலைக்கு மூன்றில் ஒரு லிட்டர்தான். தனி ஆளாகக் காரில் ஏறுகிறவர் அதைப்போல் ஆறு ஏழு மடங்கு எரிக்கிறார். சமவெளியிலும் இந்த வித்தியாசம் உண்டு; மலையில் அது பெருத்துத் தெரிகிறது, ஏனென்றால் இங்கே செலவைத் தீர்மானிப்பது முழுக்க எடைதான். ஒரு பயணிக்கு எவ்வளவு இரும்பைச் சேர்த்துத் தூக்குகிறோம் என்பதே கேள்வி.

நேரத்தில் அந்த அளவு வித்தியாசம் இல்லை. ஐந்து சதவீதச் சரிவில் சாதாரணப் பேருந்து எஞ்சினால் மணிக்கு முப்பத்தைந்து கிலோமீட்டர் வரை போக முடியும். அதைப் போக விடாதது கொண்டை ஊசி வளைவுகள். மேட்டுப்பாளையம் – குன்னூர் சாலையில் பதினான்கு. வளைவில் பேருந்து தன் பக்கத்தைத் தாண்டி எதிர்ப்பக்கத்தையும் எடுத்துக்கொள்கிறது. எதிரே வருகிறவர் ஒதுங்கி நிற்க வேண்டும். காரில் அவசரமாக வருகிறவரும் முன்னால் போகும் பேருந்தின் பின்னால்தான். அதனால் ஒன்றேகால் மணி, ஒன்றரை மணி என்று எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே நேரம் ஆகிறது. சமவெளியில் காருக்கு இருக்கும் வேக ஆதாயம் இங்கே கரைந்துவிடுகிறது. பேருந்தை விரும்புகிறவர்கள் இதைப் பேசாதது எனக்கு ஆச்சரியம்.

காற்றின் அடர்த்தியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஊட்டியில் அது கடற்கரையில் இருப்பதில் எண்பது சதவீதம் அளவே. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத எஞ்சின் அந்த விகிதத்தில் வலு இழக்கும். ஏற்றம் தொடங்கும்போது இருந்த இழுவை ஊட்டிக்கு முன்னால் வரும் லவ்டேல் மேட்டில் இருக்காது. பழைய கார்புரேட்டர் பைக் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இறங்குவதன் விலை

சமவெளிக்காரர்கள் ஏற்றத்தை நினைத்துப் பயப்படுவார்கள். மலைக்காரர்கள் இறக்கத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். தூக்கிய ஆற்றல் எங்கும் போய்விடவில்லை. 15 டன் பேருந்து குன்னூரிலிருந்து கீழே வரும்போது 200 மெகாஜூல் ஆற்றலை எங்காவது தொலைத்தாக வேண்டும். டயரும் காற்றும் ஒரு பகுதியை வாங்கிக்கொள்ளும். மிச்சத்தை எஞ்சினும் பிரேக்கும் தாங்க வேண்டும். மொத்தத்தையும் சூடாக மாற்றினால் அறுநூறு லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். அவ்வளவு சூட்டையும் பிரேக் லைனிங் ஒன்றே ஏற்றால் பிடிமானம் போய்விடும். எந்த கியரில் ஏறுவாயோ அதே கியரில் இறங்கு என்பது அதனால்தான். இறக்கத்தில் எஞ்சினே பிரேக் ஆகிறது.

பெட்ரோலை மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் உருட்டி வருகிறவர்கள் இன்றும் உண்டு. எஞ்சினை அணைத்துவிட்டால் பிரேக்குக்குத் துணையாக இருக்கும் வெற்றிட அழுத்தமும் ஓரிரு மிதியில் தீர்ந்துவிடும், மிதி கல்லாகும். 2023 செப்டம்பர் 30 அன்று தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த சுற்றுலாப் பேருந்து மரப்பாலம் அருகே பள்ளத்தில் கவிழ்ந்து ஒன்பது பேர் இறந்தார்கள். அதுவும் மலையிறங்கும் வழியில்தான். தினமும் இந்தச் சாலையில் ஓட்டுகிறவர்களையும் வருடத்துக்கு ஒரு முறை வருகிறவர்களையும் ஒரே பாதையில் கலக்கவிடுவதன் ஆபத்து, பயண நேரக் கணக்கு எதிலும் ஏறுவதில்லை.

ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிச் சாலை இதற்கு இன்னும் கூர்மையான உதாரணம். முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவுகள். மைசூர் போகிறவர்களுக்குக் கூடலூர் வழியைவிட முப்பது கிலோமீட்டர் அளவு மிச்சம். ஆனால் சரிவு அவ்வளவு கடுமை என்பதால் பெரிய வண்டிகள் கூடலூரைச் சுற்றித்தான் போகின்றன. வரைபடத்தில் குறுக்குவழி, பேருந்துக்கு அது வழியே இல்லை.

மிதிவண்டி: காலா, கியரா

நீலகிரியில் மிதிவண்டி ஓடாது என்று எல்லோரும் சொல்வார்கள். அது பாதி உண்மை. 65 கிலோ ஆள், 15 கிலோ கியர் வண்டி என்று எடுத்துக்கொள்வோம். தினசரி மிதித்துப் பழகிய சாதாரண ஆள் மணிக்கணக்கில் 100 வாட் கொடுக்க முடியும். சமவெளியில் அது அவரை மணிக்கு இருபது கிலோமீட்டர் வேகத்தில் கொண்டுபோகும். குன்னூர் ஏற்றத்தில் 1,385 மீட்டரைத் தூக்க மட்டுமே மூன்று மணி நேரம்; டயர் உராய்வையும் சேர்த்தால் மூன்றரை மணியை ஒட்டி. உடல் ஆயிரத்துச் சொச்சம் கலோரி எரிக்கும். வேடிக்கை என்னவென்றால், மலை ரயிலும் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் சேர ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான் எடுத்துக்கொள்கிறது.

இது கியர் வண்டிக் கணக்கு. பள்ளி மாணவர்களுக்கு அரசு தரும் விலையில்லா மிதிவண்டி கியர் இல்லாதது. ஒரு முறை மிதித்தால் ஐந்து மீட்டருக்கு மேல் போகும். நிமிடத்துக்கு நாற்பது சுற்றுக்குக் கீழே மிதித்தால் வண்டி தள்ளாடும். நாற்பது சுற்று என்றால் மணிக்குப் பதின்மூன்று கிலோமீட்டர். ஐந்து சதவீத ஏற்றத்தில் அந்த வேகத்துக்கு 170 வாட்டுக்கு மேல் வேண்டும். பதினாறு வயதுப் பிள்ளை அதைச் சில நிமிடம் கொடுக்கும். பிறகு இறங்கி உருட்டும். சமவெளியில் பள்ளி இடைநிற்றலைக் குறைக்க வந்த அருமையான திட்டம், ஹட்டியிலிருந்து (படுகர் சிற்றூர்) மேலே உள்ள பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு அதே பலனைத் தராது. மூன்று கியர் வைத்த வண்டி கொடுத்திருந்தால் கதை வேறு. ஒரே டெண்டர், ஒரே வண்டி, மாநிலம் முழுக்க என்பது நிர்வாகத்துக்கு வசதி.

கால் வலியைவிட உடுப்புதான் பெரிய தொல்லை என்று ஏறிப் பழகியவர்கள் சொல்வார்கள். கல்லாற்றில் சட்டை நனைந்து ஒட்டும். காட்டேரிப் பூங்கா தாண்டியதும் மேகம் இறங்கும், அதே ஈரச் சட்டையில் குளிர் ஏறும். உயரத்தால் மூச்சும் கொஞ்சம் குறையும். 2,200 மீட்டரில் பழகாத உடலின் உச்சத் திறன் பத்தில் ஒரு பங்கு அளவு குறைகிறது. இதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை சாகசக்காரருக்குச் சரி. எட்டரை மணிக்குப் பள்ளியில் கையெழுத்துப் போட வேண்டியவருக்குச் சரிவராது.

ஒரே பாதை என்ற சிக்கல்

ஏற்றத்தின் மிகப் பெரிய பாதிப்பு வேகத்திலோ எரிபொருளிலோ இல்லை. மாற்று வழி இல்லாததில் இருக்கிறது. சமவெளியில் ஒரு சாலை அடைபட்டால் பக்கத்துத் தெருவில் புகுந்து போகலாம். மலைச்சரிவில் பக்கத்துத் தெரு என்று ஒன்று கிடையாது. மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே போகக் குன்னூர் சாலை, கோத்தகிரி சாலை என இரண்டுதான். 2009 நவம்பரில் மழை கொட்டி மண் சரிந்தபோது நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். சாலைகள் துண்டிக்கப்பட்டன, ரயில்பாதையும் சிதைந்தது. எல்லா ஆண்டும் அவ்வளவு மோசமில்லை. ஆனால் வடகிழக்குப் பருவமழையில் மரம் விழுந்தது, பாறை உருண்டது என்று வழி நிற்பது வழக்கம். சராசரி நேரம் ஒன்றரை மணி என்று சொல்லிப் பயனில்லை. போய்ச் சேருவோமா என்பதே சில நாள் நிச்சயமில்லை. தினமும் போய்வருகிறவர்கள் குறைவாக இருப்பதற்கு இது முக்கியக் காரணம் என்பது என் கணிப்பு. தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளலாம், நிச்சயமின்மையோடு வேலை பார்க்க முடியாது.

கோடை சீசன் இதன் இன்னொரு முகம். ஏறுவது குன்னூர் வழி, இறங்குவது கோத்தகிரி வழி என்று காவல்துறை ஒருவழிப் பாதை ஆக்குகிறது. நெரிசலுக்கு அது நல்ல மருந்து. ஆனால் கோத்தகிரி வழி சுற்று. உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் (இணையவழி அனுமதிச் சீட்டு) வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை ஊட்டிக்கு வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 என்று வரம்பும் வந்தது. டி.என். 43 பதிவெண் கொண்ட உள்ளூர் வண்டிகளுக்கும் அரசுப் பேருந்துகளுக்கும் விலக்கு உண்டு. கடைக்காரர்களும் விடுதிக்காரர்களும் எதிர்த்தார்கள். அவர்கள் கவலை புரிகிறது. ஆனால் சரிவு அனுமதிக்கும் சாலைக்கு ஒரு கொள்ளளவு இருக்கிறது, அகலப்படுத்த மலையைச் செதுக்கினால் அடுத்த மழையில் அது சாலையிலேயே வந்து உட்காரும். வண்டியைக் குறைப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

மேலே உள்ள உண்மையான தினசரித் தடம்

மேட்டுப்பாளையத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் தவறவிடுவது குன்னூர் – ஊட்டி. குன்னூர், ராணுவப் பயிற்சி மையங்கள் உள்ள வெலிங்டன், வெடிமருந்துத் தொழிற்சாலை உள்ள அருவங்காடு, எல்லநள்ளி, கேத்தி, லவ்டேல், மாவட்ட ஆட்சியர் அலுவலகம் உள்ள ஊட்டி. வேலை, பள்ளி, மருத்துவமனை, சந்தை எல்லாம் ஒரே வரிசையில். பதினெட்டு கிலோமீட்டரில் ஐந்நூறு மீட்டர் ஏற்றம்; சராசரி மூன்று சதவீதத்துக்கும் குறைவு. நீலகிரியில் வேலைக்குப் போய்வருகிற கூட்டம் பெரும்பாலும் இங்கேதான் ஓடுகிறது.

இங்கே ரயில் ஒன்றேகால் மணியில் போய்விடுகிறது. காலை எட்டுக்குள் குன்னூரில் கிளம்பி ஒன்பதை ஒட்டி ஊட்டி. மாலை ஐந்தரை வாக்கில் ஊட்டியிலிருந்து திரும்பல். கால அட்டவணையைப் பார்த்தால் அலுவலக நேரத்துக்காகவே போட்டதுபோல் இருக்கிறது. ஆனால் அது பாரம்பரியச் சின்னம், 2005-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய பொக்கிஷம் என்ற பெருமையில், பெட்டி, கட்டணம், முன்பதிவு எல்லாமே சுற்றுலாப் பயணியை நினைத்தே நடக்கின்றன. மாதச் சீட்டுக்காரருக்கு ஒரு பெட்டியை ஒதுக்குவதால் பாரம்பரியம் தேய்ந்துவிடாது. அருவங்காட்டுத் தொழிலாளர்களையும் கேத்திப் பிள்ளைகளையும் ஏற்றிப் போனதும் அந்த ரயிலின் வரலாறுதான்.

பேருந்தில் ஒரு மாற்றம் தாமதமாக வந்தது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021 மே மாதம் தொடங்கியபோது மலைப்பகுதிகள் அதற்குள் வரவில்லை. நீலகிரி, கொடைக்கானல், வால்பாறைக்கு அது நீட்டிக்கப்பட்டது 2024-இல். தேயிலைத் தோட்டத்துக்கும் தொழிற்சாலைக்கும் போகும் பெண்களுக்கு, இருக்கும் பேருந்திலேயே போக முடிகிறதா என்பதுதான் கேள்வி. ஹட்டிகளுக்கு மினி பஸ் ஒன்றிரண்டுதான் வரும். தவறவிட்டால் மெயின் ரோடு வரை நடை, அதுவும் ஏற்றத்தில்.

மிதிவண்டிக்கும் இந்தத் தடம் மூடிய கதவு இல்லை. அதே 100 வாட்டில், கியர் வண்டியில், குன்னூரிலிருந்து ஊட்டிக்கு ஒரு மணி இருபது நிமிடம். மறுபடியும் ரயிலின் நேரம்தான். 250 வாட் மோட்டார் உள்ள மின் மிதிவண்டி என்றால் ஒரு மணிக்குள் போகலாம். ஓட்டுநர் உரிமமோ பதிவோ தேவையில்லை. ஆளையும் வண்டியையும் ஐந்நூறு மீட்டர் தூக்க 0.14 யூனிட் மின்சாரம்; இழப்புகளைச் சேர்த்தால் 0.2 யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். சந்தையில் கிடைக்கும் பேட்டரியில் பாதி போதும். தடை இருப்பது சாலையில்தான். ஓரம் கிடையாது, பனிமூட்டத்தில் பின்னால் வரும் பேருந்துக்கு மிதிவண்டி தெரியாது.

மின்பேருந்து வருவதற்கு முன்

பயணத்தை எளிதாக்கும் வழிகளில் ஒன்று பயணத்தையே தேவையில்லாமல் செய்வது. 2025 ஏப்ரலில் ஊட்டியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அந்த வகை. உயர் சிகிச்சைக்குக் கோவைக்கு இறங்கியே ஆக வேண்டும் என்றிருந்தவர்களில் ஒரு பகுதியினர் இனி மேலேயே பார்த்துக்கொள்ளலாம்.

மின்பேருந்துகளைப் பற்றியும் இப்போதே யோசிக்க வேண்டும். மலை அவற்றுக்கு ஏற்ற இடம். இறக்கத்தில் பிரேக்கில் வீணாகும் ஆற்றலை மோட்டார் திரும்பப் பேட்டரிக்கு அனுப்பும். 15 டன் பேருந்து ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கினால் 35 யூனிட் அளவுக்கு மீட்கலாம் என்பது என் தோராயக் கணக்கு. அதற்குப் பேட்டரியில் இடம் இருக்க வேண்டும். இரவெல்லாம் ஊட்டிப் பணிமனையில் நூறு சதவீதம் ஏற்றிக் காலையில் கீழே அனுப்பினால் மீட்ட மின்சாரத்தை வைக்க இடமில்லை. மோட்டார் பிரேக் வேலை செய்யாது, பழையபடி லைனிங்தான் சூடாகும். 250 யூனிட் பேட்டரி என்றால், மேலே இருக்கும் பணிமனைகளில் 85 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்த வேண்டும். கீழே மேட்டுப்பாளையத்தில் முழுக்க ஏற்ற வேண்டும். சமவெளி நகரங்களுக்கு எழுதிய டெண்டரில் இந்த வரி இருக்காது. நீலகிரிக்கு எழுதும்போது சேர்க்க வேண்டும்.